பாட்டிக்கும் சேர்த்துத்தான் பயிற்சி வேண்டும்
ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமை, அடங்காத துறுதுறுப்பு) அறிகுறி உள்ள சின்னப் பிள்ளைகளுக்கு மருந்துக்கு முன், பிள்ளையைக் கையாளும் விதத்தைக் கற்றுத்தரும் பெற்றோர் பயிற்சி வேண்டும் என்று இங்கே வந்த கட்டுரை சொல்வது சரி. நான்கு, ஐந்து வயதில் முதலில் அதைத்தான் செய்ய வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2019 வழிகாட்டியும் சொல்கிறது. ஆனால் 'அம்மா கற்றுக்கொண்டால் போதும்' என்று கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கோலாலம்பூரில் அம்மா அப்பா இரண்டு பேரும் காலையிலேயே வேலைக்கு எல்ஆர்டி ரயில் ஏறிவிடுகிற வீட்டில் பிள்ளையோடு பகல் முழுக்க இருப்பது யார்? செந்தூலில் எங்கள் மகனைப் பார்த்துக்கொள்வது என் மாமியார். ஒரு நேரத்தில் ஒரே வேலை சொல்வது, பக்கத்தில் போய் முகம் பார்த்துச் சொல்வது, செய்ததும் அந்தக் காரியத்தைச் சொல்லியே பாராட்டுவது என்று என் மனைவி வகுப்பில் கற்று வந்து பழக்கினாள். ஆனால் பகலில் பையன் அழுதால் உடனே மாமியார் அவன் கையில் போனைக் கொடுத்துவிடுவார். இரவில் பழக்கியது எப்படி நிற்கும்? அப்புறம் அத்தையையும் வகுப்புக்கு அழைத்துப் போனோம். "காரையெல்லாம் கூடையில போட்டுட்டியே, ராசா" என்று அவரும் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் சாப்பாட்டு நேர ரகளை குறைந்தது. மேலே கருத்துச் சொன்ன ஒருவர், 'ஆம்பளப் பிள்ளை அப்படித்தான், ரோத்தானை (பிரம்பை) எடுத்தால் அடங்குவான்' என்று எழுதியிருக்கிறார். ஐயா, அடிக்குப் பயந்து அந்த நிமிடம் உட்காருவான், அவ்வளவுதான். தன் முறை வரும்வரை காத்திருக்க ரோத்தான் கற்றுத்தராது. வளர்ப்பு சரியில்லாததால் வருவதும் அல்ல இது. அந்தப் பழியைக் கேட்டே பல தாய்மார்கள் வகுப்புப் பக்கம் வரத் தயங்குகிறார்கள். நாங்கள் போன வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது, என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அத்தைக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. இதையே தமிழில், சனி ஞாயிறில் நடத்துங்கள். தாத்தா பாட்டிகளும் வருவார்கள்.