கேட்பது என் வீட்டைத்தான்

ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். பந்தியில் அத்தனை பேர் முன்னால், "ஒரு குடும்பத்தை நடுத்தெருவுல நிறுத்தப் பார்க்கிறீங்களே" என்றார் ஒரு உறவினர். அன்றைக்கு வாயடைத்துப் போனேன். வாடகை தராத கீழ்வீட்டுக் குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்லி நான் கேஸ் போட்டிருப்பதைத்தான் அப்படிச் சொன்னார். இப்போது சொல்கிறேன்: நான் கேட்பது என் வீட்டை.

வியாழக்கிழமை கோர்ட்டில் எனக்குக் குறுக்கு விசாரணை. இரண்டு வாரமாக பாஸ்புக், சொத்து வரி ரசீது, அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு என்று அடுக்கிக்கொண்டிருக்கிறேன். "அடுத்த மாசம் தந்துடறேன் சார்" என்று குடித்தனக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை பிரிண்ட் எடுத்தால் மட்டும் போதாதாம், கூடவே ஒரு சான்றிதழும் வேண்டுமாம். "கேட்டதுக்கு மட்டும் பதில். ஞாபகம் இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. கோபப்படாதீங்க" என்கிறார் வக்கீல்.

ஒத்திகையில் வக்கீல் கேட்ட ஒரு கேள்வியில்தான் உடைந்துபோனேன். வாடகை வாங்கியதும் நான் கையெழுத்துப் போடும் நோட்டில், 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை வெறும் கோடு. கொரோனாவில் குடித்தனக்காரருக்கு வேலை போயிருந்தது. வாடகை வேண்டாம் என்று நானே சொன்னேன். "அதுக்கு எழுத்து இருக்கா? வாங்கிட்டு எழுதாம விட்டீங்கன்னு அவங்க சொன்னா?" என்கிறார் வக்கீல். மனிதருக்கு மனிதர் செய்ததற்கு எழுத்துக்கு எங்கே போவேன்?

வாடகை ஒப்பந்தத்தை ஏன் பதிவு செய்யவில்லை என்பீர்கள். தப்புதான். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தபோதே செய்திருக்க வேண்டும். பத்து மாத அட்வான்ஸ் வாங்கும் கூட்டம்தானே என்பீர்கள். நான் வாங்கியது மூன்றே மாதம். இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, நோட்டீஸ் கொடுத்தும் ஒரு மாதத்தில் கட்டாவிட்டாலே காலி செய்யச் சொல்லிக் கேட்கலாம் என்கிறது அதே சட்டம். நான் பதினான்கு மாதம் பொறுத்தேன். அவருக்குக் கஷ்டம் இல்லையா? இருக்கும். எனக்கு?

பெரம்பூரில் அப்பா தன் ரயில்வே பிஎஃப் பணத்தைத் துடைத்துக் கட்டிய வீடு இது. கீழே அவர்கள், மாடியில் நாங்கள். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து பத்தொன்பது படியும் மலைதான். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி இறக்குகிறோம். அப்போதெல்லாம் கீழ்வீட்டுக் கதவு சாத்தியே இருக்கும். அந்தக் கதவு வழியாகத்தான் வருஷா வருஷம் அம்மா சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்புவாள். இந்த வருஷமும் அனுப்பினாள், கேஸ் நடக்கும்போதே.

பாத்திரம் இன்னும் திரும்பி வரவில்லை. வியாழக்கிழமை கோர்ட்டில் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.