மர ஷெல் கூரைக்கு அஸ்திவாரம் வேண்டாமா? உண்மை விளக்கம்

"மர ஷெல் கூரை எடை குறைவு; அதனால் அஸ்திவாரம் தேவையில்லை, தரையில் அப்படியே நிறுத்தலாம்" என்றொரு தகவல் பரவுகிறது. ஷெல் கூரை என்பது முட்டை ஓடு போல வளைந்து, தன் வடிவத்தாலேயே சுமை தாங்கும் மெல்லிய கூரை. முதல் பாதி சரி. இரண்டாம் பாதி ஆபத்தானது.

ஜெர்மனியின் ஹைல்பிரானில் 2019-இல் 376 உள்ளீடற்ற மரப் பெட்டிகளை இணைத்து எழுப்பிய கூரை 30 மீட்டர் அகலத்தைத் தூணின்றித் தாண்டியது. எடை சதுர மீட்டருக்குச் சுமார் 40 கிலோதான். ஆனால் நொடிக்கு 40 மீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. வளைவின் உச்சியில் அதன் பெரும்பங்கு கூரையை மேலே இழுக்கும். எடை குறையக் குறைய, கூரையைத் தரையோடு பிடித்துவைக்கும் நங்கூரம்தான் முக்கியமாகிறது.

பலரும் மறப்பது பக்கவாட்டு உதைப்பை, அதாவது வளைவு தன் அடிகளை வெளியே தள்ளும் விசையை. 12 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள பீப்பாய் வளைவில் (படுக்கவைத்த பீப்பாயின் மேல்பாதி போன்ற கூரையில்) சதுர மீட்டருக்கு 100 கிலோ சுமை இருந்தால், அடிவிளிம்பின் ஒவ்வொரு மீட்டரும் 600 கிலோ விசையுடன் வெளியே தள்ளும். உயரத்தை 1.5 மீட்டராக்கினால் அது 1,200 கிலோ. அடி சற்றே நகர்ந்தாலும் உச்சி தாழும், பலகை இணைப்புகள் வாய் பிளக்கும்.

ஆகவே அடிவிளிம்பு நெடுக ஓடும் கான்கிரீட் பட்டை அஸ்திவாரம், எதிரெதிர் அடிகளைப் பிணைக்கும் இரும்புக் கம்பி, நங்கூர போல்ட் மூன்றும் வேண்டும். மர அடியை இரும்புக் காலணியில் (மரத்தைத் தாங்கிப் பிடிக்கும் இரும்பு அடித்தாங்கியில்) ஏற்றி, தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்குக் குறையாமல் உயர்த்துங்கள். ஈரம் ஏறினால் முதலில் அழுகுவது அங்கேதான். பிளைவுட் விளிம்பில் ஸ்க்ரூவை நேராக அடித்தால் அடுக்குகள் பிரியும். முன்துளையிட்டு, சாய்வாக, ஜோடி ஜோடியாகக் குறுக்கே முடுக்க வேண்டும்.