பாவத்த பாத்தா பூகம்பம் வருது?

உங்க கட்டுரைல நிலநடுக்கம், கொலை, ஊழல்னு எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி "பாவம் பெருகிடுச்சு, இது கடைசி காலம்"னு முடிச்சிட்டீங்களே சார். நானும் தினம் சாமி கும்புடுறவன்தான், காலைல நியூஸ பாத்தா எனக்கும் வயித்த கலக்குது, இல்லன்னு சொல்லல. ஆனா 1755 நவம்பர் 1, போர்ச்சுகலோட லிஸ்பன்ல பூகம்பம் வந்தப்ப, சகல புனிதர்கள் திருநாள் அன்னிக்கு சர்ச்சுக்குள்ள ஜெபம் பண்ணிட்டு இருந்தவங்க மேலயே கூரை இடிஞ்சு விழுந்துச்சு, அப்புறம் சுனாமி, அப்புறம் தீ... அவங்க என்னங்க பாவம் பண்ணாங்க? 1934 பீகார் பூகம்பத்த தீண்டாமைக்கு கடவுள் குடுத்த தண்டனைன்னு காந்தியே சொன்னாரு, தாகூர் விடல, இப்படி பேசுறது பகுத்தறிவுக்கு ஆகாதுன்னு பகிரங்கமா மறுத்தாரு (ரெண்டு பேருமே கடவுள நம்புனவங்க, கவனிங்க). பூமிக்கடில பாறைத்தட்டு நகர்றதுக்கு நம்ம யோக்கியதை எல்லாம் தெரியாது. கொலையும் ஊழலும் அப்படி இல்ல, அத பண்ணவன் ஒரு மனுசன், அவனுக்கு பேரு இருக்கு, அதையும் கலிகாலம்னு சாமி கணக்குல எழுதிட்டா அவன் பாட்டுக்கு ஜாலியா ஜாமீன்ல சுத்துவான். நீங்க சொல்ற நிலநடுக்கத்துல இடிஞ்ச கட்டடத்துக்கெல்லாம் அனுமதி குடுத்து கையெழுத்து போட்டது யாரு? அது மட்டும் கட்டுரைல எங்கயும் காணோம்.