வாட்டர் லாக் சார், தூக்கிப் போட்டுருங்க

"அரிசியில போட்டு வை"ன்னு இனிமே எவனாவது எங்கிட்ட சொன்னா, அந்த அரிசியை வடிச்சு அவன் தலையிலயே கொட்டிடுவேன்.

போன ஞாயித்துக்கிழமை காலையில அப்பாவோட போன் மேல காபியைக் கொட்டிட்டேன். நான்தான், பழியை வேற யார் மேலயும் போட முடியாது. டபராவுல காபியை ஆத்திக்கிட்டே டிவியைப் பார்த்தேன். கை நழுவிடுச்சு. ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட ஃபில்டர் காபி, அரை டம்ளர், அப்படியே அந்த நோக்கியா 1100 மேல.

"இன்னுமா அந்த போனை வச்சிருக்கீங்க?"ன்னு ஆரம்பிக்காதீங்க. இந்த ஒரு வாரத்துல அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. அப்பாவுக்கு வயசு 76. ஒரு கண்ணுல பார்வை ரொம்பக் கம்மி, இன்னொண்ணு சுமார். அவர் நம்பரைப் பார்த்துப் போடறதில்ல, தடவிப் போடறார். அஞ்சு மேல ஒரு சின்ன மேடு இருக்கும் பாருங்க, கட்டைவிரலை அங்க வைப்பார். அதுக்கு மேல ரெண்டு, கீழ எட்டு, கீழயும் கீழ சைபர். அம்பது நம்பராவது இப்படி விரல்லயே மனப்பாடம். டச் போன் வாங்கிக் கொடுத்துப் பார்த்தாச்சு. "கண்ணாடியில எதைடா தடவறது?"ன்னு கேட்டார். என்கிட்ட பதில் இல்ல. அந்த டச் போன் இப்ப பேரன்கிட்ட கார் ஓட்டுது.

சரி, கொட்டிடுச்சு. துணியால துடைச்சேன். அடுத்து நான் பண்ணின முட்டாள்தனம், வேலை செய்யுதான்னு பட்டனை அமுக்கிப் பார்த்தது. ஒரே ஒரு தடவை நாலை அமுக்கினேன். ஸ்க்ரீன் முழுக்க 4444444-ன்னு ரயில் மாதிரி ஓடுது, நிறுத்தவே இல்ல. அதுக்குள்ள அம்மா வந்து, "குடுடா இப்படி"ன்னு வாங்கி, பொன்னி அரிசி டின்னுக்குள்ள புதைச்சுட்டாங்க. பேட்டரியோட! பக்கத்து வீட்டு மாமா கேட்டுட்டு "சரியான வேலை"ன்னார். மச்சான் வாட்ஸ்அப்ல வீடியோவே அனுப்பிட்டான். ஒரு தெருவே சொல்லும்போது எனக்கும் வாய் வரல.

இதைத்தான் என்னால ஜீரணிக்க முடியல. அரிசி தண்ணியை உறிஞ்சும்னே வச்சுக்குவோம். சர்க்கரையை யார் உறிஞ்சுவா? பாலை யார் உறிஞ்சுவா? தண்ணி காய்ஞ்சா காபி மறைஞ்சா போகும், பாகா இறுகும். அதுவும் மெட்ராஸ் காத்து, உப்பு டப்பாவைத் திறந்து வச்சா சாயங்காலம் நீர்த்துப் போற ஊரு. இதுல அரிசி எங்கேந்து ஈரத்தை இழுக்கும்? ஆப்பிள் கம்பெனிக்காரனே 2024-ல எழுதிப் போட்டுட்டான், ஐபோனை அரிசியில போடாதீங்க, அரிசித் துகள் உள்ள போய் இன்னும் கெடுக்கும்னு. லட்ச ரூபா போனுக்கே அந்தக் கதி. இதுல பேட்டரி வேற உள்ள இருக்கு. ஈரமும் கரண்ட்டும் ஒண்ணா இருந்தா செம்பை அரிச்சுத் தின்னும், பச்சையா பூக்கும். எங்க வீட்டுல ரெண்டு நாள், அரிசிக்குள்ள பத்திரமா, அந்த வேலை நடந்துச்சு.

செவ்வாய்க்கிழமை கடை ஏறி இறங்க ஆரம்பிச்சேன். நங்கநல்லூர்ல மொத கடை. பையன் போனைக் கையில வாங்கவே இல்ல. எட்டிப் பார்த்தான். "வாட்டர் லாக் சார், தூக்கிப் போட்டுருங்க."

"தண்ணி இல்லப்பா, காபி."

"எல்லாம் ஒண்ணுதான் சார்."

எப்படிப்பா ஒண்ணு? தண்ணியில விழுந்த போனும் காபி குடிச்ச போனும் ஒண்ணுன்னா, வேட்டியில பட்ட காபிக்கறையும் மழை ஈரமும் ஒண்ணுதானே?

ரெண்டாவது கடைக்காரர் மரியாதையா பேசினார், ஆனா கை மட்டும் ஷோகேஸ் பக்கமே இருந்துச்சு. "1,300 ரூபாய்க்கு புது செட்டே வருது சார், அதே பட்டன்." வாங்கிக் கண்ணை மூடிக்கிட்டு தடவிப் பார்த்தேன். அஞ்சு எது, எட்டு எதுன்னே தெரியல. எல்லாம் தட்டையா ஒரே வழவழப்பு. இதுல எங்கேந்து அதே பட்டன்?

மூணாவது கடையைப் பத்தி நினைச்சாலே பத்திக்கிட்டு வருது. செக்கிங் சார்ஜ் 200, முன்னாடியே கட்டணும். கட்டினேன். ஒரு மணி நேரம் கழிச்சு வாங்கன்னாங்க. போனேன். "பிரிச்சுப் பார்த்துட்டோம் சார். போர்டு மொத்தமா போச்சு, ஐசி அடிச்சிருக்கு." சரின்னு வாங்கிக்கிட்டு வெளிய வந்து பார்த்தா, சார்ஜர் குத்தற ஓட்டையில எங்கம்மாவோட பொன்னி அரிசி ஒண்ணு அப்படியே நின்னுக்கிட்டிருக்கு. பிரிக்கறது இருக்கட்டும், சார்ஜர் குத்திப் பார்த்திருந்தாக்கூட அந்த அரிசி தெரிஞ்சிருக்கும். போனை டிராயர்ல ஒரு மணி நேரம் தூங்க வச்சதுக்கு 200 ரூபா. திரும்பப் போய் அரிசியைக் காட்டினேன். "அது வேற சார்"ன்னான். என்ன வேறன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

வியாழக்கிழமை லீவு போட்டுட்டு மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்துல இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தேன். சிசிடிவி வேணுமா, கெப்பாசிட்டர் வேணுமா, பழைய லேப்டாப்போட கீல் மட்டும் தனியா வேணுமா, எல்லாம் கிடைக்கும். கீபேடைக் கழுவித் தர ஒரு கை மட்டும் கிடைக்கல. மாடியில ஒருத்தர் ஒத்துக்கிட்டார். சந்தோஷத்துல உட்கார்ந்தேன். அவர் தின்னர் பாட்டிலைத் திறந்து பிரஷ்ஷை முக்கினார் பாருங்க, எழுந்து போனைப் பிடுங்கிக்கிட்டேன். ரப்பர், ஸ்டிக்கர், பிளாஸ்டிக் எல்லாத்தையும் தின்னர் தின்னுட்டுப் போயிடும். "அப்போ சானிடைசர் போடவா?"ன்னு கேட்டார். சானிடைசர்ல கிளிசரின் இருக்கு அண்ணே, கைக்கு நல்லது, பட்டனுக்குப் பிசுக்கு. பேசிப் பிரயோஜனம் இல்லன்னு கீழ இறங்கிட்டேன்.

அங்கேருந்து பர்மா பஜார். இந்த மாடலுக்கு டூப்ளிகேட் ரப்பர் கீபேடு ஒருத்தர்கிட்ட இருந்துச்சு, 60 ரூபா. அமுக்கினா கல்லு. ஒரிஜினல் இல்லையான்னு கேட்டதுக்கு அவர் சிரிச்ச சிரிப்பு இருக்கே! ஆனா எனக்கு அழுகைதான் வந்துச்சு. அப்பா போன்ல பேட்டரிக்கு அடியில இருக்கற ஸ்டிக்கர்ல "மேட் இன் இந்தியா"ன்னு போட்டிருக்கு. அப்போ இந்தியாவுல நோக்கியா போன் செஞ்ச இடம் ஸ்ரீபெரும்புதூர். 2006-ல தொடங்கி 2014-ல பூட்டின ஃபேக்டரி. காலையில கம்பெனி பஸ் ஏறிப் போன பிள்ளைங்களை இந்த ஊரே பார்த்திருக்கு. 2003-ல வந்த மாடல், உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல வித்தது. பக்கத்து ஊர்ல செஞ்ச போனுக்கு இங்க ஒரு ரப்பர் துண்டு கிடையாது.

வேற வழியில்லாம மறுபடி ரிச்சி தெருவுக்கே வந்து, ஒரு சின்ன பாட்டில் ஐ.பி.ஏ., அதாவது போர்டைச் சுத்தம் பண்ற ஐசோப்ரோபைல் ஆல்கஹால், ஒரு டி6 நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர், ரெண்டும் வாங்கினேன். மூணாவது கடைக்கு அழுத செக்கிங் சார்ஜைவிடக் கொஞ்சம்தான் கூட.

ராத்திரி சாப்பிட்டுட்டு டைனிங் டேபிள்ல பேப்பர் விரிச்சு உட்கார்ந்தேன். பேட்டரி, கவர், ரப்பர், ஸ்க்ரூ, எல்லாம் ஒவ்வொண்ணா கழண்டு வந்துச்சு. அந்த ரப்பர் ஒரே துண்டு, தூசி போகாம இருக்கறதுக்காகவே அப்படிச் செஞ்சது. ஆனா இத்தனை வருஷ அமுக்கல்ல நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல கிழிஞ்சிருந்துச்சு, காபி அந்த வழியாத்தான் இறங்கியிருக்கு. உள்ள பார்த்தா ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில ஒரு குட்டி உலோகக் குமிழ், அதுக்கடியில போர்டுல தங்கமுலாம் பூசின ரெண்டு வளையம். அமுக்கினா குமிழ் பள்ளமாகி ரெண்டு வளையத்தையும் சேர்க்கும், அவ்வளவுதான் தொழில்நுட்பம். நடுவுல பாகு காய்ஞ்சு நின்னா பட்டன் செத்துடும், ஈரமா நின்னா அமுக்காமலே சேர்ந்துக்கும். 4444 ஓடின ரகசியம் இதுதான். குமிழ் ஒட்டியிருந்த தாளை மெதுவா உரிச்சேன். எள்ளுருண்டைப் பாகு மாதிரி பழுப்பா இழுத்துக்கிட்டு வருது. ஆறாம் நம்பருக்கு அடியில ரெண்டு எறும்பு, செத்து ஒட்டிக்கிடக்கு. அந்தப் போனைக் கடைசியா யாராவது திறந்து பார்த்தாங்கன்னா அது அந்த எறும்புங்கதான்.

பழைய டூத் பிரஷ்ஷை ஐ.பி.ஏ.ல தொட்டுத் தேய்ச்சு, பஞ்சால ஒத்தி, ஃபேன் காத்துல காய விட்டேன். ரப்பரை மட்டும் சோப்புத்தண்ணி. தேய்ச்ச வேலை மொத்தம் 40 நிமிஷம். நான் மெக்கானிக் கிடையாது, அக்கவுண்ட்ஸ் பாக்கறவன். 40 நிமிஷ வேலைக்கு மூணு நாள் அலைய விட்டிருக்கானுங்களே!

கடைக்காரங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, இல்லைன்னு சொல்லல. மெயின் ரோட்டுல அந்த வாடகையைக் கட்டிக்கிட்டு, ஒரு நோக்கியா 1100 போனுக்கு 40 நிமிஷம் உட்கார்ந்தா கட்டுப்படியாகாது. அதைச் சொல்லிட்டுப் போகலாமே. "முடியாது சார், நேரம் இல்ல"ன்னா நான் ஏன் கோபப்படப் போறேன்? பார்க்காமலே போர்டு போச்சுன்னு எதுக்குப் பொய்? 2022 டிசம்பர்ல மத்திய அரசு ரிப்பேர் உரிமைக்குன்னு, அதாவது வாங்கின பொருளைத் தூக்கிப் போடாம சரி பண்ணிக்கற உரிமைக்குன்னு, தனி இணையதளமே திறந்துச்சு, செல்போனும் அதுல சேர்த்தி. உரிமை என்கிட்ட இருக்கு. பிரஷ் பிடிக்கத்தான் ஆள் இல்ல.

வெள்ளிக்கிழமை காலையில பேட்டரியைப் போட்டேன். ஆன் ஆச்சு. டார்ச் எரிஞ்சுது. எல்லா நம்பரும் வருது, எட்டைத் தவிர. எட்டுக்கு அடியில இருந்த வளையத்துல பாதி பச்சையா அரிச்சுப் போயிருந்துச்சு, அரிசி டின்னுக்குள்ள பேட்டரியோட கிடந்த ரெண்டு நாளோட கைங்கரியம். நகத்தால ஊன்றி அமுக்கினா வரும், சில சமயம் ரெண்டு எட்டா வரும். அம்மாகிட்ட இதை இன்னும் சொல்லல.

அப்பா போனை வாங்கி ஒவ்வொரு பட்டனா தடவிப் பார்த்தார். எட்டுல வந்து நின்னார். திருச்சி அத்தை நம்பர்ல மூணு எட்டு இருக்குன்னு எனக்கும் தெரியும். "சரி பண்ணித் தரேம்பா, அந்த டூப்ளிகேட் ரப்பரை வேணா போட்டுப் பாக்கலாமா?"ன்னு கேட்டேன்.

"அவசரமே இல்ல. அவ கூப்பிட்டா எடுத்துக்கறேன்"னு சொல்லிட்டு, காபி டம்ளரை எங்கிட்டேருந்து தள்ளி வச்சுட்டார்.