எரியா ஏரியா?

நேத்துல இருந்து எந்தப் பக்கம் போனாலும் அந்த பேட்டி கிளிப்தான் வந்து நிக்குது. தமிழ் ஆராய்ச்சியெல்லாம் எதுக்குன்னு ஒருத்தர் பேசுனது. நான் தமிழ்ல பிஎச்டி பண்றேன்ல, அதான் ஆறு பேரு என்னை டேக் பண்ணியாச்சு, சிரிப்பு எமோஜியோட. சங்கப் பாட்டுக்கெல்லாம் உரை எழுதி முடிச்சாச்சாம், இதுல பிஎச்டின்னு அஞ்சு வருஷம் என்னத்த கிழிக்கிறாங்களாம், ஏஐ கிட்ட கேட்டா அஞ்சு நிமிஷமாம். கைதட்டல் வேற.

சரிங்க, என்னத்த கிழிக்கிறோம்னு சொல்றேன். ஓலைச்சுவடில பொதுவா எழுத்து மேல வைக்கிற புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும் ஒரே மாதிரி இருக்கும், ஒ ஓ-வும் அப்படித்தான், துணைக்காலும் ரகரமும் ஒண்ணுபோல இருக்கும். எரியா ஏரியான்னு ஏட்டப் பாத்து சொல்ல முடியாது. நெருப்பா தண்ணியான்னே தெரியாதுங்க! அதுகூட பரவால்ல, பக்கத்துச் சொல்ல வெச்சுப் புடிச்சிரலாம். செறுன்னா வயல். சேறு தெரியும். வயலப் பத்தின பாட்டுல ரெண்டுமே பொருந்தி வந்தா எத எடுப்பீங்க? அசை சீர் பிரிச்சு அலகிட்டுப் பாக்கணும், பழைய உரைகாரர் என்ன பாடம் (அதாவது, அந்த எடத்துல எந்தச் சொல்) வெச்சுக்கிட்டுப் பேசுறார்னு பாக்கணும், வேற பாட்டுல அந்தச் சொல் எப்படி வருதுன்னு தேடணும்.

இப்படி ஒரே ஒரு அடிக்கு நாலு மாசம் உக்காந்திருந்தேன். கைடு பாத்துட்டு "சரிம்மா, அடிக்குறிப்புல போட்டுரு"ன்னாரு. நாலு மாசத்துக்கு ஒன்றரை வரி. பஸ்ல அழுதுட்டேதான் வந்தேன், ஆனா அன்னைக்கு ராத்திரி தூங்குன மாதிரி அந்த வருஷம் பூரா தூங்கல.

ஏஐ சொல்லுமாம். சொல்லும்ங்க, யாரோ முடிவு பண்ணி அச்சுல போட்ட பாடத்த வெச்சு சொல்லும். 1894-ல உ.வே.சா. புறநானூற அச்சுல கொண்டுவர்றதுக்கு எத்தன ஏட்ட ஒப்பிட்டுப் பாத்தாரு? அதுக்கப்புறமும் 267, 268 ரெண்டு பாட்டும் கிடைக்கல. கிடைக்காதத எந்த ஏஐ சொல்லும்? சொல்லும், அதுபாட்டுக்கு ரெண்டு பாட்டு எழுதிக் குடுக்கும், அதுக்கும் நீங்க கைதட்டுவீங்க.

எங்க பெரியப்பா இருக்காரு. தமிழ்தான் மூத்த மொழின்னு தினமும் காலைல ஃபேமிலி குரூப்ல ஒரு ஃபார்வர்ட் வந்துரும். போன பொங்கலுக்கு அவர்கிட்ட, பதிற்றுப்பத்துல பத்துப் பத்தா நூறு பாட்டு, அதுல முதல் பத்தும் கடைசிப் பத்தும் கிடைக்கல பெரியப்பா, எண்பது பாட்டுதான் இருக்குன்னேன். "மிச்ச இருபத நீயே எழுதிரேன், அதான் சும்மாதானே இருக்க"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். இதத்தான் சொல்றேன், 2004-ல செம்மொழின்னு அறிவிச்ச பெருமை மட்டும் எல்லாருக்கும் வேணும், அத உக்காந்து படிக்கிறவ சும்மா இருக்கிறவ.

உடனே கமெண்ட்ல வருவீங்க, காப்பியடிச்ச தீசிஸ் இல்லையான்னு. இருக்கு, நானே பாத்திருக்கேன், அதுக்கு நான் என்ன பண்ண? மக்கள் வரிப்பணம்னு இன்னொருத்தர் வருவார். ஜேஆர்எஃப்னு ஆராய்ச்சி உதவித்தொகை வாங்குனவங்களுக்கு மாசம் 37,000 ரூபா வருது, உண்மைதான். எனக்கு அது கிடைக்கலைங்க. காலைல காலேஜ்ல கிளாஸ் எடுத்துட்டு, அவங்க குடுக்குறத (எவ்வளவுன்னு கேக்காதீங்க, எங்கம்மாகிட்டயே கூட்டித்தான் சொல்லிருக்கேன்) வாங்கிட்டு, சாயங்காலம் லைப்ரரி பூட்டுற வரைக்கும் உக்காந்து படிக்கிறேன். எந்த வரிப்பணத்த நான் தின்னேன்?

வேலை கிடைக்குமான்னு கேளுங்க, அது நியாயமான கேள்வி. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. கூடப் படிச்சவ போன மாசம் வீடு கட்டி பால் காய்ச்சுனா, போயிட்டு வந்தேன், நல்ல வீடு. அத ஏன் இங்க சொல்றேன்னு தெரியல.

அந்த கிளிப் பேசுனவர் மேல கோவம்கூட இல்ல இப்ப. டேக் பண்ண ஆறு பேர்ல ரெண்டு பேரு என்கூட எம்ஏ படிச்சவங்க. அவங்களுக்குத் தெரியும்ல?

அடுத்த மாசம் சினாப்சிஸ் (ஆய்வோட சுருக்கம்) குடுக்கணும். இன்னும் ஒரு எடத்துல எகரமா ஏகாரமான்னு முடிவாகல. அது முடியுற வரைக்கும் டேக் பண்ணாதீங்க.