சுண்ணாம்புச் சுவரில் டிவி மாட்டுகிறவர்களுக்கு

டிவி மாட்டுவது பற்றிய உங்கள் குறிப்பில், டிவிக்குப் பின்சுவரில் கறுப்பு பெயின்ட் அடித்தால் திரை தனியாகத் துருத்தாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபிளாட்டுக்குச் சரி. எங்கள் காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, தொட்டால் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருக்கும், அதில் பெயின்ட் என்று வாயைத் திறந்தாலே அப்பத்தா சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

பெயின்டை விடுங்கள், துளை போடுவதுதான் பெரிய வம்பு. எங்கள் வீட்டில் 55 அங்குல டிவி மாட்ட வந்தவர் டிரில்லை வைத்ததும் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது, உள்ளே காரை மாவாகக் கொட்டுகிறது, ஸ்குரூவைப் பிடிக்கிற பிளக் நிற்கவே இல்லை. அந்தப் பளபளப்போடு ஒட்டுப்போட இப்போது கொத்தனாருக்கு எங்கே போவது?

கடைசியில் ஆசாரி அண்ணன்தான் வழி சொன்னார். பின்கட்டில் கிடந்த பர்மா தேக்கு ஜோடிக் கதவைச் சேர்த்து நிறுத்தி, பாரம் முழுக்கத் தரையில் இறங்குகிற மாதிரி அடியில் கட்டை கொடுத்து, மேலே உத்தரத்தோடு பிடித்து, பிராக்கெட்டை அதிலேயே முடுக்கிவிட்டார். வயரெல்லாம் கதவுக்குப் பின்னால். திரையின் நடு தரையிலிருந்து மூன்றரை அடி, சோபாவில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேர்.

அப்புறம், சும்மா இருக்கும்போது ஓவியம் காட்டும் சாம்சங் ஃபிரேம் மாதிரி டிவி (2017-இல் வந்தது) அழகுதான், ஆனால் அப்போதும் கரன்ட் ஓடும். எதை வாங்கினாலும் வளவை (வீட்டு நடு முற்றத்தை) பார்த்து மாட்டாதீர்கள், பகலில் திரையில் சீரியலுக்குப் பதில் முற்றத்துத் தூண்தான் பிரதிபலித்துத் தெரியும்.