முடிவு தெரிவது குறையல்ல
காதல் நாவலில் முடிவு முன்பே தெரிந்துவிடுவதால்தான் பிடித்த எழுத்தாளரும் ஒரு கட்டத்தில் சலித்துப்போகிறார் என்று கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சேர்ந்துவிடுவார்கள் என்று தெரிந்துதானே இந்த வகைக் கதையைக் கையில் எடுக்கிறோம். ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ 1813இல் வந்தது. முடிவு தெரிந்தே படித்தாலும், 36ஆம் அத்தியாயத்தில் நாயகன் டார்சியின் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்து நாயகி எலிசபெத் அவனைப் பற்றிய தன் கணிப்பு தப்பு என்று உணரும் இடம் மனதைப் பிசைகிறது. நான் பல வருடங்களாக விடாமல் படிக்கும் ஓர் எழுத்தாளரின் புது நாவல் ஏமாற்றியது வேறு இடத்தில். நாயகன் வேறொருத்தியோடு காரில் ஏறுவதைப் பார்த்த நாயகி, யார் அது என்று ஒரு வார்த்தை கேட்காமல் அவன் எண்ணை பிளாக் செய்துவிடுகிறாள். அது அவன் அக்கா என்று தெரிய 90 பக்கம்! முதல் பாதியில் மேலதிகாரியிடமே முகத்துக்கு நேராகக் கேள்வி கேட்ட பெண் அவள். அப்புறம் எப்படி வாயடைத்துப் போனாள்? இவருடைய பழைய கதைகளில் பிரிவுக்கு, உட்கார்ந்து பேசினாலும் தீராத ஒரு காரணம் இருக்கும். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளலாம் என்று கட்டுரைக்கு வந்த கருத்துகளில் ஒருவர் எழுதியிருக்கிறார். எதற்குக் குறைக்க வேண்டும்? அந்த எழுத்தாளரால் முடியும் என்று அவர்தானே நமக்குக் காட்டினார்.